பள்ளிக்கூட முனையில் ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் ஷிப்மென்ட் கதை கேட்கிறீர்கள். ஷிப்மென்ட் கதைகள் எல்லாம் ஒரே கதைதான். சரக்கு தாமதமாயிற்று, எல்லோரும் கத்தினார்கள், எப்படியோ கப்பல் ஏறிற்று. இன்றைக்கு அது வேண்டாம்.

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தனியாகப் பிடித்து, "சார், நடுவுல கொஞ்ச காலம் வேலை இல்லாம வீட்ல இருந்துட்டேன். அதை எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் தேட வேண்டாம். இந்நேரம் அவரே மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருப்பார். அவருக்காகத்தான் இது. நானும் அப்படி வீட்டில் இருந்தவன்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. நான் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த திருப்பூர் பனியன் கம்பெனி பொங்கலுக்குள் மூடப்பட்டது. முதலாளி நல்ல மனிதர். ஆனால் அழுகிற முகங்களைப் பார்க்க அவருக்கு ஆகாது. அதனால் டெய்லர்களிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். அந்த டெய்லர்களில் பாதிப் பேரை ஊரிலிருந்து பேசிக் கூட்டி வந்ததே நான்தான். சொல்லி முடித்ததும் ஒருவர் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னீயன்னுதான் பொண்டாட்டி புள்ளயோட இங்க வந்தேன். இப்ப எங்க போவட்டும்னும் நீங்களே சொல்லிருங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே வழி கேட்டார். நான், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அவர் கொஞ்ச நாள் காத்திருந்தார். பிறகு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் ஒட்டிக்கொண்டது. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்று என் மனைவி எஸ்தர் கேட்டால்கூட யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நான் யோசித்து முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும். ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "லைன்ல ரெண்டு டெய்லர் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். தினமும் காலையில் பல் விளக்குவதுபோல் நான் செய்துகொண்டிருந்த வேலை அது. "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிப் பண்ணிரலாங்க" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீயா காபியா என்று கேட்டதற்கும் அதே பதில். இரண்டுமே வரவில்லை.

எஸ்தர் சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சொன்னாள்: "இப்படியே உக்காந்திருந்தீயன்னா நாற்காலிக்கு வேர் விட்டுரும். சம்பளம் இல்லாட்டியும் பரவால்ல, எங்கயாவது போயி நாலு பேருக்கு ஏதாவது செய்யுங்க."

தன்னார்வத் தொண்டு என்கிறார்கள். என் விஷயத்தில் தொண்டு மட்டும் என்னுடையது. ஆர்வம் முழுக்க என் மனைவியுடையது.

முதலில் கோயில் திருவிழாக் கமிட்டி. எங்கள் சர்ச்சைத்தான் சொல்கிறேன். சீரியல் லைட் பச்சையா நீலமா என்று முடிவு செய்யும் வேலையை என்னிடம் விட்டார்கள். அந்த வருடம் திருவிழா டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. அடுத்து ரத்ததான முகாம். ரத்தம் கொடுத்து வருகிறவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டும். இதில் தப்பு செய்ய வழியே இல்லை என்று எஸ்தர் நம்பினாள். ஒரு பையன் தலை சுற்றிச் சரிந்தான். அவனைத் தாங்கப் போன நானும் சரிந்தேன். அன்று ஜூஸ் குடித்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவதுதான் இது. அனுப்பர்பாளையம் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. கம்பெனி வேன், நூல் ஏற்றிய லாரி, ஆள் தெரியாத அளவுக்குத் துணி மூட்டை கட்டிய டிவிஎஸ் ஃபிஃப்டி என்று எந்நேரமும் ஓடுகிற ரோடு. அங்கே அப்போது சிக்னல் கிடையாது. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை ரோடு தாண்டவைக்கப் பெற்றோர்களில் யாராவது உதவ முடியுமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மகள் அங்கே படித்தாள். எஸ்தர் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள்.

"எனக்கு இப்ப முடிவெடுக்கவே வரமாட்டேங்குதே" என்றேன்.

"உங்கள யாரு முடிவெடுக்கச் சொன்னா? வண்டிய நிறுத்தத்தான சொல்லுதேன்."

ஆரஞ்சு நிறத்தில் மின்னுகிற ஜாக்கெட் ஒன்றையும் ஒரு விசிலையும் கொடுத்தார்கள். அந்த முனையில் டிராஃபிக் டியூட்டிக்கு ஒரு பெண் காவலர் வருவார். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். சேவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். முதல் நாள் நான் ரோட்டோரம் நின்று கையை நீட்டினேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஒரு கம்பெனி வேன் மட்டும் வேகத்தைக் குறைத்து, "எங்கீங்க போகோணும்?" என்று கேட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏனுங்ணா, வண்டிய நிறுத்தறீங்களா, லிஃப்ட் கேக்கறீங்களா?"

"நிறுத்தத்தாங்க பாக்கேன்."

"அப்பறம் எதுக்குங்ணா ஒவ்வொரு வண்டிக்கும் கும்பிடு போடறீங்க? கை மட்டும் போதுங்ணா, முதுகு வளைய வேண்டாம்."

ரோட்டோரப் பாத்திரப் பட்டறைகளில் தட்டுகிற சத்தத்தில் என் விசில் எனக்கே கேட்கவில்லை. ஊதுவதற்கு முன் நான் நாலு பக்கமும் பார்ப்பேன். அந்த லாரிக்காரர் அவசரமாகப் போகிறாரோ, இந்தப் பைக் ஓட்டுகிறவர் வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று எல்லோர் சார்பிலும் யோசிப்பேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு குட்டிப் பெண் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, "அங்கிள், நாம இன்னைக்குப் போவமா, நாளைக்கா?" என்று கேட்டாள். பெண் காவலர் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அந்தப் பெண் சிரித்ததோடு விடவில்லை. ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "ஓட்டறவிய மூஞ்சியப் பாக்காதீங்ணா. மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் அவசரந்தான் தெரியும். சக்கரத்தப் பாருங்க. வேகங் கொறையுதா இல்லியான்னு அது சொல்லீரும்."

நான் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல வேலை பிடிபட்டது. ரோட்டில் ஒரு வசதி உண்டு. நம் முடிவு சரியா தப்பா என்பது மறுநிமிஷமே தெரிந்துவிடும். அடுத்த முடிவுக்கு வந்துவிடலாம். கம்பெனியில் வருவதுபோல மூன்று மாதம் கழித்துப் புகாராக மெயிலில் வராது. மழைக்காலம் தொடங்கியபோது நான் கையைத் தூக்கினால் லாரி நின்றது. வீட்டில் தக்காளிச் சட்னி வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எஸ்தர் இன்னொரு இட்லி வைத்தாள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் அது நடந்தது. யாரோ பெரிய ஆள் ஊருக்கு வருகிறார் என்று அந்தப் பெண் காவலரைப் பந்தோபஸ்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பள்ளி விடும் நேரம். முனையில் நான் மட்டும். ஒரு கூட்டம் பிள்ளைகளைப் பாதி ரோடு தாண்டவைத்து நடுவிலிருந்த டிவைடர் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். அப்போது அவிநாசிப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. திருப்பூர் நோக்கிப் போகிற அந்தப் பக்கம் முழுக்க வண்டிகள். முன்னால் ஒரு லாரி மழைத் தண்ணீரில் நின்று போயிருந்தது. ஆம்புலன்ஸ் அந்த வரிசைக்குள் சிக்கிக்கொண்டு கத்தியது.

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. பிள்ளைகளை டிவைடரில் நிறுத்திவைத்து, எதிர்ப்பக்கம் வருகிற வண்டிகளை முழுக்க அடைத்து, ஆம்புலன்ஸை அந்தப் பக்கமாக எதிர்த்திசையில் விட வேண்டும். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகள் இருவரிடம், "ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கோங்க, நான் சொல்ற வரைக்கும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி நடுவில் நின்று கையைத் தூக்கி விசிலை ஊதினேன். பின்னால் ஒரு காரின் ஹாரன் விடாமல் அடித்தது. ஒருவர் கண்ணாடியை இறக்கி என் குடும்பத்தை விசாரித்தார். நான் சக்கரங்களை மட்டும் பார்த்தேன். நின்றன. ஆம்புலன்ஸ் டிவைடர் இடைவெளி வழியாகத் திரும்பி, என்னைத் தாண்டிப் போனது.

எல்லாம் நின்றன என்று நினைத்தேன். ஒரு டிவிஎஸ் நின்ற வேகத்தில் ஈர ரோட்டில் சறுக்கிவிட்டது.

ஓட்டி வந்தவர் மல்லிகா. அப்போது எனக்குப் பெயர் தெரியாது. கம்பெனியிலிருந்து தைத்த துணிகளை எடுத்துப் போய் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, நூல் பிசிறு வெட்டி வாங்கித் திருப்பிக் கொடுக்கிறவர். முழங்கையில் சிராய்ப்பு. மூட்டை கிழிந்து, குழந்தைகளுக்கான வெள்ளை டி-ஷர்ட்டுகள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. வெள்ளைத் துணி சேற்றில் கிடப்பதைப் பார்க்கிற வேதனை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் எல்லோரையும் முதலில் கரை சேர்த்தேன். பிறகு மல்லிகாவிடம் ஓடினேன்.

"அடி பலமாங்க?"

"எனக்கொண்ணுமில்லீங்ணா. இதையப் பாருங்க. இன்னைக்குப் பேக்கிங்குக்குப் போயாகோணுமுங்க. கம்பெனில என்னன்னு சொல்றது? எனக்கு இனிப் பீஸே குடுக்க மாட்டாங்க. என்னைய நம்பி எத்தன ஊட்டுல பொம்பளைங்க உக்காந்து வெட்டறாங்க தெரியுமுங்களா?"

"நானும் வாறேன், வாங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னது அல்ல. சொன்ன பிறகுதான், எங்கே போக வேண்டும் என்பதே உறைத்தது. என் கம்பெனி மூடிய நாளுக்குப் பிறகு நேர்முகத்துக்குத் தவிர நான் எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்திருக்கவில்லை. சேறு படிந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு டிவிஎஸ் பின்னால் உட்கார்ந்தேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எனக்குப் புரியவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் இருந்த இளம் மேனேஜர், இருபத்தைந்து வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "சார், நம்ம கம்பெனி வண்டி எங்கயாவது இடிச்சிருச்சுங்களா?"

அப்போதுதான் ஆரஞ்சு ஜாக்கெட்டும் கழுத்தில் விசிலுமாக நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. போலீஸ் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவர் மூட்டையைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த கணம் மல்லிகா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க்கா, இன்னைக்கு நைட்டு லோடிங்னு சொன்னனா இல்லியா? இந்த நேரத்துல இப்படிப் பண்ணுனா? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

"அவங்க மேல தப்பில்லீங்க" என்றேன். "ஆம்புலன்ஸுக்கு வழி விடணும்னு நான்தான் கையக் காட்டுனேன். நான் சொல்லித்தான் அவங்க நின்னாங்க. பேசறதுன்னா என்கிட்டப் பேசுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு மூட்டையையே பார்த்தபடி நின்றார். அந்த நிலையை நான் நன்றாக அறிவேன். பத்து மாதமாக நான் நின்ற நிலை அது. விட்டால் லாரி கிளம்புகிற வரை அப்படியே நிற்பார்.

"தம்பி, மொத மூட்டையப் பிரிப்போம்" என்றேன். "எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு பாத்துட்டு அப்பறம் கவலப்படலாம்."

பிரித்தோம். வெளிப்பக்கம் இருந்தவைதான் சேறு. உள்ளே இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஈரம்கூட இல்லை. சுத்தமானது ஒரு மேசை, ஈரம் மட்டும் பட்டது ஒரு மேசை, சேறு பட்டது ஒரு மேசை என்று பிரிக்கச் சொன்னேன். ஈரத்தை உலர்த்த இரண்டு பேர், சேற்றை அலச மூன்று பேர், எதற்கும் தேறாததற்குப் பதிலாக உபரியாகத் தைத்த பீஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர். சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். என் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று கொஞ்சநேரம் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, மரியாதை ஜாக்கெட்டுக்கு. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் ஒவ்வொரு முறையும் "ஓகே இன்ஸ்பெக்டர் சாப்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மல்லிகா முழங்கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எல்லோரையும்விட வேகமாகப் பிரித்தார். கடைசிப் பெட்டி ஒட்டப்பட்டபோது அந்த இளம் மேனேஜர் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"நெம்ப தேங்ஸ் சார். சார் எந்த ஸ்டேஷனுங்க?"

"ஸ்டேஷன் இல்ல தம்பி. ஸ்கூல்."

அவர் டீயைத் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று ஒரு கணம் பயந்தேன். "அப்ப இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?" என்று கேட்டார். புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்ததைச் சொன்னேன். "இப்ப?" என்றார். "இப்ப வேலை இல்ல. தேடிட்டிருக்கேன்" என்றேன். அதுவரை யாராவது இப்படிக் கேட்டால், சொந்தமாக ஏதோ தொடங்கப் போவதாக இழுத்து இழுத்துப் பேசுவேன். அன்று நான்கே வார்த்தையில் முடிந்துவிட்டது. சொன்னவனுக்கும் வலிக்கவில்லை, கேட்டவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, மல்லிகாவை மறுநாள் வழக்கம்போல வரச் சொன்னார்.

அந்த ஆம்புலன்ஸில் இருந்தவர் யார், பிழைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் அந்தப் பெண் காவலரிடம் நடந்ததைச் சொல்லி, "நான் செஞ்சது சரியா?" என்று கேட்டேன். அந்தப் பெண் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சரிதானுங்ணா. ஆனா அடுத்த தடவ டூ வீலர மொதல்ல ஓரங்கட்டுங்க. மழையில அதுதான் சறுக்கும்."

அவ்வளவுதான். பாராட்டு பாதி, திருத்தம் பாதி. தம்பிகளே, நீங்கள் மேலே போன பிறகு உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் இப்படிப் பேசப் பழகிக்கொள்ளுங்கள். நான் அதற்கு ரொம்ப நாள் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. முதலாளி என்னைப் பார்க்க வேண்டுமாம் என்றார்கள். ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் தேவை. நான் முன்பு இருந்த பதவியைவிடச் சின்னது. பரவாயில்லை என்று தோன்றியது. நேரே போய் உட்கார்ந்தேன். முதலாளி ஐம்பது வயதுக்காரர், பேச்சு மெதுவாக வரும். என் பயோடேட்டாவைக் கடைசி வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வருசம் பூராம் எங்கீங்க இருந்தீங்க?"

"நடுரோட்டுல நின்னுட்டிருந்தேனுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒருக்கா அந்த நெலம வந்துட்டுத்தான் போகும். எங்கப்பாவும் அப்படி நின்னவருதான். மனசத் தளர விடக் கூடாது" என்று சொல்லி, மணியை அடித்து டீ கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "அய்யோ, இல்லீங்க" என்றேன். "நெசமாவே நடுரோட்டுலதானுங்க. ஸ்கூல் புள்ளைங்களக் கிராஸ் பண்ணிவிட்டுட்டு இருந்தேன். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டீ கொண்டுவந்த பையன் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, நாளைக்கே வந்து சேந்துக்கங்க" என்றார்.

"நாளைக்கு முடியாதுங்க" என்றேன். "முனைக்கு வேற ஆள் பாத்து விட்டுட்டுத்தான் வர முடியும். திங்கக்கெழம வாறேன்."

வேலை கேட்டு வந்தவன் தேதி சொல்கிறானே என்று அவர் நினைத்திருக்கலாம். காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க, திங்கக்கெழம" என்றார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். பள்ளி விட இன்னும் அரைமணி நேரம் இருந்தது.